பெயர்ப் பதிவேடு யார் கையில்?

சங்க உறுப்பினர் கணக்கும் திறமூல மென்பொருளும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தென்மேற்கே, போர்ட்டிக்சன் மாவட்டத்தில், மலாக்கா எல்லையை அடுத்து இருப்பது லிங்கி. அதே பெயர் கொண்ட ஆறு அதன் அருகே ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கில் வெட்டியெடுத்த ஈயம் இந்த ஆற்றின் வழியாகவே படகுகளில் கடலுக்குச் சென்றது. 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் ஈயத்தின் இடத்தை ரப்பர் பிடித்தது. ஊரின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட பிரிட்டிஷ் ரப்பர்க் கம்பெனி ஒன்றும் தோன்றியது. ரப்பரைத் தொடர்ந்து தமிழர் வந்தனர்.

அந்நாளில் தோட்டப்புறத்தில் பொழுது புலர்வது பெரட்டுக் களத்தில்தான். இருள் பிரியுமுன் ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்பர். பெயர் வாசிக்கப்படும். ‘செக்ரோல்’ என்னும் பேரேட்டில் பெயருக்கு நேரே குறி விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. பெயரையே அடித்துவிட்டாலோ, கூலியோடு குடியிருந்த லயத்து வீடும் போயிற்று.

ஆகவே பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவரிடம் எத்துணை அதிகாரம் தங்கியிருக்கிறது என்பதைத் தோட்டத் தமிழருக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று நமக்கென்று கோயில் சபைகள் உண்டு. முன்னாள் மாணவர் சங்கங்கள் உண்டு. கூட்டுறவுகளும் இளைஞர் மன்றங்களும் உண்டு. இவற்றின் பெயர்ப் பட்டியல் யார் கையில் இருக்கிறது? இக்கேள்வியை எழுப்பி, அதற்குக் கணினி உலகம் தந்திருக்கும் விடைகளுள் ஒன்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று பேரேடுகள்

தோட்டத் தமிழரின் வரலாற்றை மூன்று பேரேடுகளின் வரலாறாகவும் சொல்லலாம்.

முதலாவது, பிறர் நம்மைப் பற்றி எழுதிய பேரேடு. ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணியின் முன்பணக் கணக்கும், தோட்ட ஆபீசின் செக்ரோலும் இவ்வகையைச் சேர்ந்தவை. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்தது. அதன் பின் கங்காணி ஆள் திரட்டுவது நின்றது. செக்ரோலோ நெடுங்காலம் நீடித்தது. அதில் தன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் உரிமையோ, பார்த்தாலும் படிக்கும் கல்வியோ தொழிலாளிக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை.

இரண்டாவது, தொழிலாளர் தாமே தமக்காக எழுதிக்கொண்ட சந்தாப் பேரேடு. உலகப்போர் முடிந்தபின் மாநிலந்தோறும் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் எழுந்தன. பி.பி. நாராயணன் தம் தொழிற்சங்க வாழ்வைத் தொடங்கியது நெகிரி செம்பிலானில் எழுந்த சங்கத்திலேதான். 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அவரே அதன் பொதுச் செயலாளரானார். சந்தாப் புத்தகத்தில் பெயர் இருந்தவர், முதலாளியோடு பேச ஒரு குரல் உடையவரானார்.

மூன்றாவது, பங்குதாரர் பேரேடு. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். வேலையும் வீடும் இழந்து நின்ற தொழிலாளர், தாமே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்ற துணிவோடு துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்று ஏற்பாடு. தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் உறுப்பினர் சேர்த்தார். செக்ரோலில் கூலியாளாக இருந்த அதே பெயர், இப்பேரேட்டில் உடைமையாளராக நின்றது.

இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தோட்டத் தமிழர் அடைந்த முன்னேற்றத்தின் ஒரு பகுதி, தம் பெயரைத் தாமே எழுதி வைத்துக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்ததுதான்.

சிதறிய ஊரும் சிதறிய பட்டியலும்

பின்னர் என்ன நிகழ்ந்தது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட வேலைக்கு அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். நிலங்கள் சில வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தில் பிறந்த பிள்ளைகள் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் குடிபெயர்ந்தனர். சிலர் கடல் கடந்தும் போயினர். ஆனால் ஆண்டுத் திருவிழாவுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருவோர் இன்றும் உண்டு. ஊர் என்பது இப்போது நிலத்தில் இல்லை, உறவில் இருக்கிறது. அந்த உறவைக் கட்டிக் காப்பது சங்கங்களே.

இத்தகைய சங்கங்களுள் பலவற்றின் உறுப்பினர் பட்டியல் எங்கே இருக்கிறது? செயலாளர் வீட்டு அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகமாக. அல்லது அவருடைய மடிக்கணினியில் ஒரு விரிதாளாக. அல்லது கைப்பேசியில் ஒரு வாட்ஸாப் குழுவாக. செயலாளர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் நோயுற்றால் என்ன செய்வது? தேர்தலில் தோற்று மனத்தாங்கலோடு விலகினால் என்ன செய்வது? கைப்பேசி தொலைந்தால் சங்கமே தொலைந்தது போலாகிவிடாதா?

இது வெறும் வசதிக்குறைவு அன்று. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் சங்கப் பதிவதிகாரிக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். அப்பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கத் தகுதியுடையோர் யார் என்பதிலேயே தகராறு எழுந்தால், தேர்தலும் செல்லாது போகலாம். சந்தா கட்டியவர் பெயர் விடுபட்டிருக்கும். கட்டாதவர் பெயர் நுழைந்திருக்கும். கோயில் சபைகளில் கட்சி பிரிந்து நிற்கும் வழக்குகளின் வேரைத் தோண்டினால், ஒழுங்காக வைக்கப்படாத பட்டியல் ஒன்று பலமுறை அகப்படும்.

கூட்டுறவு, சேமநிதி போன்றவற்றில் பணமும் சேர்கிறது. மாதம் 10 வெள்ளி சேர்த்த தந்தை மறைந்துவிட்டார். மகளுக்கு அப்படியொரு பங்கு இருப்பதே தெரியாது. அமைப்பின் ஏட்டில் இருக்கும் விலாசமோ என்றோ இடிக்கப்பட்ட லயத்தின் விலாசம். இந்நிலையில் உரிமை இருந்தும் உரியவரைச் சேர்வதில்லை.

லயத்து வீடும் சொந்த மனையும்

இவற்றைச் சீராக வைக்கக் கணினி மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம்.

ஒரு வகை, கம்பெனிகள் வாடகைக்கு விடுவது. மாதக் கட்டணம் செலுத்தினால், இணையத்தின் வழியே அவர்களுடைய கணினியில் நம் உறுப்பினர் கணக்கை வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்துவது எளிது, பழுது வந்தால் அவர்களே பார்த்துக்கொள்வர். ஆனால் கட்டணம் உயர்ந்தால் கொடுத்தே தீர வேண்டும். கம்பெனி கடையை மூடினால் வெளியேற வேண்டும். இது லயத்து வீடு போன்றது. கூரையும் உண்டு, விளக்கும் உண்டு. எனினும் வேலை உள்ளவரைதான் வீடு. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் ஓர் ஆணியடிக்கவும் துரையின் அனுமதி வேண்டும்.

மற்றொரு வகை, திறமூல மென்பொருள். கணினிக்கு இடும் கட்டளைகளை மனிதர் படிக்கக்கூடிய வடிவில் எழுதுவதை மூலநிரல் என்பர். இந்த மூலநிரலைப் பூட்டி வைக்காமல், யாரும் படிக்கவும், பயன்படுத்தவும், தம் தேவைக்கேற்பத் திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை கொடுத்து வெளியிடுவதே திறமூல முறை. இக்கொள்கைக்கு வித்திட்டவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983இல் அவர் தம் முயற்சியை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். திறமூலம் என்ற பெயர் 1998இல் வழக்குக்கு வந்தது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். இம்மென்பொருளுக்குப் பெரும்பாலும் விலை இல்லை என்பது உண்மை. ஆனால் விலையின்மை அதன் உயிர்நாடி அன்று; உரிமையே உயிர்நாடி. இது சொந்த மனை போன்றது. மனை கிடைத்துவிட்டது என்பதற்காக வீடு தானே எழும்பிவிடாது. மண் நிரவ வேண்டும். தூண் நிறுத்த வேண்டும். மழைக்குக் கூரை பார்க்க வேண்டும். ஆனால் யாரும் நம்மை வெளியேறச் சொல்ல முடியாது.

சிவி சி.ஆர்.எம்.

உறுப்பினர் கணக்குக்கென்றே எழுந்த திறமூல மென்பொருள்களுள் பெயர் பெற்றது சிவி சி.ஆர்.எம். ஆகும். யாஹூ நிறுவனத்தின் தொடக்கநாள் பொறியாளர்களுள் ஒருவரான டொனால்ட் லோபோவும் அவருடைய தோழர்களும் 2005இல் இதைத் தொடங்கினர். அதற்கு முன் இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் வியாபாரிகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றின் கண்ணுக்கு மனிதர் எல்லாரும் வாடிக்கையாளர், பேச்செல்லாம் விற்பனை. பொதுநல அமைப்புக்கு வேண்டியதோ உறுப்பினர், நன்கொடையாளர், தொண்டர், நிகழ்ச்சிக்கு வருவோர் என்ற கணக்கு. சிவி சி.ஆர்.எம். அக்கணக்கிலிருந்தே தொடங்கியது.

இன்று உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான அமைப்புகள் இதைப் பயன்படுத்துகின்றன. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் நன்கொடையாளர் பதிவை இதில்தான் வைத்திருக்கிறது. மாதந்தோறும் புதிய பதிப்பு வெளியாகிறது. வேர்டுபிரஸ், துருபால், ஜூம்லா முதலிய இணையத்தள அமைப்புகளோடு இதை இணைத்து இயக்கலாம். அண்மையில் தனித்து இயங்கும் வடிவமும் வந்துள்ளது.

இதன் உரிமப் பத்திரத்தில் குறிப்பிடத்தக்க விதி ஒன்று உண்டு. ஒருவர் இம்மென்பொருளைத் திருத்தி, இணையத்தின் வழியே பிறர் பயன்படுத்தும்படி நடத்தினால், தாம் செய்த திருத்தத்தின் மூலநிரலையும் அப்பயனாளருக்குத் தர வேண்டும். பொதுச் சொத்தை எடுத்து வேலி போட்டுக்கொள்ள முடியாது என்பது இதன் கருத்து.

ஆளும் உறவும்

இனி இதன் உள்ளமைப்பைப் பார்ப்போம். இதில் பதியப்படும் ஒவ்வொன்றும் ‘தொடர்பு’ எனப்படும். தனியாள், குடும்பம், அமைப்பு என்று அது மூவகை. ஒருவருக்கு ஒரே ஒரு பதிவுதான். அவர் உறுப்பினராகச் சேர்ந்தது, சந்தா கட்டியது, திருவிழாவுக்கு நன்கொடை தந்தது, கூட்டத்துக்கு வந்தது ஆகிய எல்லாம் அந்த ஒரே பதிவின்கீழ்ச் சேரும். விரிதாளில் இவை நான்கு தாள்களில் நான்கு விதமாகக் கிடக்கும். இதுவே முதல் வேறுபாடு.

இரண்டாவது வேறுபாடு உறவு. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, உடன்பிறந்தார் முதலிய உறவுகள் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன. நமக்கு வேண்டிய புதிய உறவையும் வகுத்துக்கொள்ளலாம். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்கலாம். லிங்கி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் பழைய மாணவர் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தோட்டத்தை ஓர் ‘அமைப்பாக’ப் பதிந்து, ‘இத்தோட்டத்தில் வாழ்ந்தவர்’ என்று ஓர் உறவை வகுத்தால் போதும். யார் யார் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கே இருந்தனர் என்பது ஒரே பார்வையில் கிடைக்கும். நிலப்படத்திலிருந்து தோட்டம் மறைந்துபோகலாம். பதிவேட்டில் அது மக்களோடு நிற்கும். தந்தையின் பங்கைத் தேடி வரும் மகளுக்கும் இந்த உறவுக்கோடே வழிகாட்டும்.

பெயர் எழுதுவதில் நமக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மேல்நாட்டார் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்களை வைத்துள்ளனர். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. இருப்பது தந்தை பெயர். அதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டால், மறைந்த தந்தையின் பெயராலேயே மகனை விளிக்கும் கடிதம் அச்சாகிவரும். இதற்குத் தீர்வு உண்டு. சங்கம் தானே கூடுதல் கட்டங்களை அமைத்துக்கொள்ளலாம். தந்தை பெயருக்கு ஒரு கட்டம், தமிழில் எழுதிய பெயருக்கு ஒரு கட்டம், வாழ்ந்த தோட்டத்துக்கு ஒரு கட்டம் என அமைத்து, பெயர் எவ்வரிசையில் காட்டப்பட வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். தமிழ் எழுத்து 1991இலேயே யூனிகோடில் இடம் பெற்றுவிட்டதாலும், மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்றவற்றால் தட்டெழுதுவது எளிதாகிவிட்டதாலும், தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே பதிவதற்கு இன்று தடை இல்லை.

ஒருவரா, இருவரா?

தோட்டத்துப் பதிவுகளைக் கணினியில் ஏற்ற முயல்வோர் முதலில் மோதிக்கொள்வது எழுத்துக்கூட்டில். முனியாண்டி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! இறுதியில் ஐ இடுவோர் உண்டு. ஒய் இடுவோர் உண்டு. நடுவில் ஏ சேர்ப்போரும் உண்டு. பிறப்பைப் பதிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதே சட்டப்படியான பெயராகிவிட்டது. லெட்சுமியும் லட்சுமியும் ஒருவரா, இருவரா?

சிவி சி.ஆர்.எம். இதற்கு மதிப்பெண் முறையைக் கையாள்கிறது. எந்தெந்தக் கட்டம் ஒத்திருந்தால் எத்தனை புள்ளி என்றும், எத்தனை புள்ளி சேர்ந்தால் ‘ஒரே ஆளாக இருக்கலாம்’ என்று எச்சரிக்க வேண்டும் என்றும் நாம் விதி அமைக்கிறோம். எடுத்துக்காட்டாக, அடையாள அட்டை எண் ஒத்தால் 10, கைப்பேசி எண் ஒத்தால் 6, தந்தை பெயர் ஒத்தால் 4, வரம்பு 10 என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது பெயரின் எழுத்துக்கூட்டு மாறியிருந்தாலும், கைப்பேசியும் தந்தை பெயரும் ஒத்தால் எச்சரிக்கை எழும். இரு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எதை வைப்பது, எதை விடுவது என்று மனிதரைக் கேட்கும். இணைத்தபின் இரண்டின் சந்தா வரலாறும் ஒன்றாகும்.

இங்கே அறிவோடு நடக்க வேண்டும். தந்தையும் மகனும் ஒரே கைப்பேசியைத் தந்திருக்கலாம். மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். நெகிரி செம்பிலானுக்கு 05. ஆகவே அது ஆளை அடையாளம் காண மிக உதவும். ஆனால் பழைய பேரேடுகளில் இருப்பது பழைய அட்டை எண். அது இதனோடு ஒத்துவராது. அவ்விடங்களில் இயந்திரம் கைவிரித்துவிடும். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரை அருகே அமர்த்தி, ‘இவர் அவர்தானா?’ என்று கேட்பதே வழி. அப்பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மென்பொருள் அடுத்த ஆண்டும் கிடைக்கும். அவர்கள் நினைவு கிடைக்குமென்று சொல்ல இயலாது.

யார் உறுப்பினர்?

பொதுக்கூட்டத் தகராறு என்று முன்னே சொன்னோமே, அதற்கு வருவோம். ஒருவர் உறுப்பினரா அல்லரா என்பதைச் செயலாளரின் நினைவோ விருப்போ தீர்மானிக்கலாகாது. விதி தீர்மானிக்க வேண்டும்.

இம்மென்பொருளில் உறுப்பியத்தை ஓராண்டு, ஈராண்டு, ஆயுள் என்று வகைப்படுத்தலாம். சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு என்றும் வைக்கலாம். எவர் எப்போது சேர்ந்தாலும் டிசம்பர் 31இல் முடியும் என்றும் வைக்கலாம். நாளைக் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையை அது தானே தரும். சேர்ந்து மூன்று மாதம் வரை ‘புதியவர்’. பிறகு ‘நடப்பு உறுப்பினர்’. தவணை முடிந்து ஒரு மாதம் வரை ‘சலுகைக் காலம்’. அதற்கும் பிறகு ‘காலாவதி’. தொடக்கத்தில் அமைந்திருக்கும் விதி இது. சங்கத்தின் சட்டவிதி ஆறு மாதச் சலுகை தருவதாயின் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் மறைந்ததாகக் குறித்தால், அவர் உறுப்பியமும் ‘மறைந்தவர்’ என்ற நிலைக்குச் செல்லும், பதிவு அழிவதில்லை. தவணை முடியுமுன் நினைவூட்டு மடலும் தானே போகும். மின்னஞ்சல் இல்லாத முதியோருக்குக் கடிதமும் விலாசச் சீட்டும் அச்சிட்டுக்கொள்ளலாம். கையில் ரொக்கமாகத் தந்த சந்தாவையும் பதியலாம்.

எல்லாவற்றினும் மேலாக, யார் எந்தப் பதிவை எந்நாளில் மாற்றினார் என்ற சுவடு காக்கப்படுகிறது. பொருளாளர் பார்க்கக்கூடியது எது, வட்டாரப் பொறுப்பாளர் திருத்தக்கூடியது எது என்று எல்லை வகுக்கலாம். செயலாளர் மாறினால் அவருடைய நுழைவுரிமையை நீக்கிப் புதியவருக்குத் தந்தால் போதும்; அலமாரிச் சாவிக்காக அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

குறைகளும் காவலும்

இத்தனையும் சொன்னபின் குறையையும் சொல்லாவிட்டால் நடுநிலை ஆகாது.

முதலாவது, இது கணக்குப்பதிவு மென்பொருள் அன்று. சந்தா வரவைக் காட்டும், ஐந்தொகை தயாரிக்காது. கூட்டுறவுகளின் பங்குக் கணக்குக்கும் ஈவுத்தொகைக்கும் வேறு ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, செலவு. மென்பொருளுக்கு விலை இல்லாவிடினும், அது இயங்க இணையத்தில் ஒரு கணினி இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். புதிய பதிப்புகளை ஏற்றவும், நாள்தோறும் நகல் எடுத்து வேறிடத்தில் வைக்கவும் தெரிந்த ஆள் வேண்டும். ஒரே ஒரு இளைஞர் மட்டும் இதைக் கற்று, அவரும் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டால், பழைய அலமாரிக் கதை புதிய வடிவில் திரும்பிவிடும். குறைந்தது இருவர் கற்க வேண்டும். செய்முறையைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அறுபது, எழுபது உறுப்பினரே உள்ள சிறு சபைக்கு ஒழுங்கான விரிதாளும் அதன் இரு நகல்களும் போதும் என்பதே என் கருத்து. பல கிளைகளும் பல ஆண்டு வரலாறும் உள்ள சங்கத்துக்கே இது ஏற்றது. சிறு சபைகள் சில கூடி ஒரே அமைப்பைப் பங்கிட்டுக்கொள்வதும் ஒரு வழி.

மூன்றாவது, காவல். ஒரே இடத்தில் ஆயிரம் பேரின் பெயரும் அட்டை எண்ணும் விலாசமும் குவிந்தால், அது களவாடுவோர் கண்ணையும் இழுக்கும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளைக் கருதி எழுந்ததாயினும், அதன் அடிப்படை அறம் சங்கங்களுக்கும் பொருந்தும். தேவையில்லாததைக் கேட்காதீர்கள், கேட்டதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், தன் பதிவைப் பார்க்கவும் திருத்தவும் உறுப்பினருக்கு இடம் கொடுங்கள். தேர்தல் காலத்தில் கட்சிக்காரர் கேட்டார் என்று பட்டியலைத் தூக்கிக் கொடுப்பது, நம்பிப் பெயர் தந்தவருக்குச் செய்யும் துரோகமாகும்.

எங்கே தொடங்குவது?

கணினியில் தொடங்க வேண்டாம், கூட்டத்தில் தொடங்குங்கள். ‘உறுப்பினர் பதிவேடு சங்கத்தின் உடைமை, பொறுப்பாளர் அதன் காவலர் மட்டுமே’ என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். அடுத்து, இருக்கும் நோட்டுப் புத்தகங்களைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பெயர், தந்தை பெயர், தோட்டம், தொலைபேசி, சேர்ந்த ஆண்டு ஆகிய ஐந்தை மட்டும் ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். விரிதாளைச் சிவி சி.ஆர்.எம். அப்படியே உள்வாங்கிக்கொள்ளும், வேண்டும்போது விரிதாளாகவே திருப்பியும் தரும். உள்ளே போன வழியாகவே வெளியே வரவும் முடிகிறது என்பதே சொந்த மனையின் இலக்கணம்.

பெரட்டுக் களத்தில் தம் பெயர் வாசிக்கப்படுவதற்காக இருட்டில் காத்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அன்று பேரேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. இன்று நம் பேரேட்டை நாமே எழுதலாம். அதை எழுதும் கருவியின் உள்ளும் புறமும் பார்க்கலாம். தமிழுக்கேற்பத் திருத்தவும் செய்யலாம். அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செல்லும் அன்பர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரட்டும்: ‘ஐயா, நம் சங்கத்துப் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது? அதில் என் பெயர் சரியாக இருக்கிறதா?’